நனையாத பிள்ளை

ஆபரேஷன் என்ற சொல்லே எனக்கு ஆகாது. பெங்களூர் பீன்யாவில் நாள் முழுக்க லேத் மெஷினில் இரும்பைக் கடைகிறவன்தான். ஆனால் மகளுக்குத் தடுப்பூசி போட்டால் எனக்குத் தலை சுற்றும்.

சங்கமித்ரா பிறந்தபோதே இடுப்புப் பக்கம், முதுகுத்தண்டின் அடியில், மெத்தென்று ஒரு கட்டி இருந்தது. வெறும் கொழுப்புதான். ஆனால் தண்டுவடத்தின் நுனி அதில் ஒட்டிக்கொண்டிருப்பது ஸ்கேனில் தெரிந்தது. பிள்ளை வளர வளர நரம்பு இழுபடுமாம். ஒரு டாக்டர் உடனே ஆபரேஷன் செய்யலாம் என்றார். இன்னொருவர், டாக்டர் ஜெயலட்சுமி, நன்றாக இருக்கிற பிள்ளைக்குக் கத்தி வைத்தால் அந்தக் கத்தியே காலைக் கெடுத்துவிடலாம், பொறுத்துப் பார்ப்போம் என்றார். சிறுநீர் தானாகக் கசிந்தாலோ கால் இழுத்தாலோ அன்றைக்கே வரச் சொன்னார். பயந்தாங்கொள்ளிக்கு எந்தப் பேச்சு இனிக்கும்? பொறுத்தோம்.

பொறுத்த நாலு வருஷமும் எனக்கு அரண்டவன் கண்தான். அவள் தடுக்கி விழுந்தால் போதும், ஓடிப்போய்க் காலைத் தடவிப் பார்ப்பேன். என் மனைவி ஷோபாதான் வீட்டில் தைரியசாலி. கார்மெண்ட்ஸில் தைக்கிறாள். அங்கே பெல் அடித்தால்தான் டாய்லெட். வந்தாலும் அடக்கு, வராவிட்டாலும் போய்விட்டு வா. அந்தப் பழக்கத்திலேயே மகளையும் வளர்த்தாள். செல்போனில் மணி அடித்ததும் பிள்ளையைக் கொண்டுபோய் உட்கார வைத்துவிடுவாள். பால்வாடி ஆயாவிடமும் சொல்லி வைத்திருந்தாள். ஜட்டி நனையாத பிள்ளை என்று தெருவே மெச்சியது. செக்கப்புக்குப் போகும்போதெல்லாம் அதையே டாக்டரிடமும் சொன்னோம்.

போன மாதம் அவர் கேட்டார்: "பாப்பா தானா வந்து, ஒண்ணுக்கு வருதுன்னு எப்பவாச்சும் சொல்லியிருக்காளா?"

சொன்னதே இல்லை. சொல்ல நாங்கள் விட்டால்தானே.

டாக்டர் செல்போன் மணியை அணைக்கச் சொன்னார். பிள்ளைக்குத் தண்ணீர் கொடுத்து, தரையில் கட்டைகளைப் பரப்பி விளையாட விட்டார். அவள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டே இருந்தாள். கவுன் நனைந்தது. ஈரம் தரையில் பரவிக் கட்டைகளைத் தொட்டது. அப்போதுதான் குனிந்து பார்த்தாள்.

"அம்மா, யாரோ தண்ணி ஊத்திட்டாங்க."

சிறுநீர் போனதே அவளுக்குத் தெரியவில்லை.

சோதனைகளும் அதையே சொல்லின. மூத்திரப்பைக்குப் போகும் நரம்பு கெட்டுக்கொண்டு வருகிறது, எப்போதிலிருந்து என்று யாராலும் சொல்ல முடியாது, இனிமேல் காத்திருக்கக் கூடாது. மணி வைத்து மணி வைத்து நான்தான் மறைத்துவிட்டேன் என்று ஷோபா தலையில் அடித்துக்கொண்டாள். அவளைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. ஃபாக்டரி முழுக்கச் சொல்லிப் பீற்றிக்கொண்டவன் நான்.

ஆபரேஷன் செய்தால் சரியாகிவிடுமா என்று கேட்டேன்.

"இதுக்கு மேல மோசமாகாம தடுக்கப் பாக்கலாம்," என்றார் டாக்டர். "போனது திரும்பி வரும்னு நான் சொல்ல மாட்டேன். கால் ரெண்டும் இப்ப நல்லா இருக்கு. ஆபரேஷன்ல அதுக்கும் ரிஸ்க் இருக்கு, உமேஷ்."

இன்று காலை ஆபரேஷன் தியேட்டர் வாசலுக்கு நர்ஸ் தள்ளுவண்டியோடு வந்தார். பாப்பாவைத் தூக்கி உட்கார வைக்கட்டுமா என்று கன்னடத்தில் கேட்டார். வேண்டாம் சிஸ்டர், நடந்தே வரட்டும் என்றேன். அவர் என்னை ஒரு கணம் பார்த்துவிட்டு வண்டியை ஓரமாக நிறுத்தினார்.

சங்கமித்ரா அவர் விரலைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். பாதி வழியில் திரும்பி எங்களுக்கு டாட்டா காட்டினாளாம், பிறகு நர்ஸ் சொன்னார். நாங்கள் இருவருமே அதைக் கவனிக்கவில்லை. அவள் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தோம்.