நல்ல ஆள் நம்பர் ஒன்

மூன்றாவது ஆன்டிபாடிக் குப்பியும் கெட்டுப்போய்த்தான் வந்திருக்கிறது என்று மெயின்லேண்ட் கம்பெனிக்குக் காரசாரமாக மெயில் எழுதி அனுப்பினாள் சந்திரமதி. அனுப்பிய பிறகுதான், மூன்று குப்பியுமா கெட்டுப்போகும் என்று தோன்றியது.

தீவின் ஹேடோ துறைமுகத்துக் கப்பல்கள் தெரிகிற மாடியில் இருக்கும் அந்த ஆய்வுக்கூடத்துக்கு அவள்தான் டெக்னீஷியன். நரம்புகள் ஒவ்வொன்றாகச் செயலிழந்து ஆளை முடக்கிப்போடும் ஒரு நோயைப் பற்றி அங்கே ஆய்வு. ஆர்.என்.ஏ.வைப் பிடித்துக்கொண்டிருக்கும் ஒரு புரதத்துக்கும் அதற்கும் சம்பந்தம் உண்டு. நல்ல செல்லில் அந்தப் புரதம் உட்கருவுக்குள் அடங்கிக் கிடக்கும்; நோய் கண்ட செல்லில் வெளியே வந்து கட்டிகட்டியாகத் திரளும். தோலிலும் அது தெரிகிறதா என்று பார்க்கிறார்கள். அதை மட்டும் தேடிப்போய் ஒட்டிக்கொண்டு, இருக்கிற இடத்தைப் பழுப்பு நிறத்தில் காட்டிக்கொடுப்பது ஆன்டிபாடி. ஐஸிலேயே வைத்துக் கொஞ்ச வேண்டிய செல்லப்பிள்ளை. வழியில் ஐஸ் உருகினால் கண்டதையெல்லாம் பழுப்பாக்கி மானத்தை வாங்கிவிடும்.

அது உண்மை பேசுகிறதா என்று தெரிந்துகொள்ள, நோயில்லாத ஒருவரின் தோலையும் பக்கத்தில் வைத்துச் சாயமேற்றுவார்கள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அந்தத் தோலைக் கொடுத்தவர் டிரைவர் யோகராஜ். ஏர்போர்ட்டிலிருந்து ஐஸ் பெட்டிகளைக் கொண்டுவருபவரும் அவர்தான். டாக்டர் மிளகளவு தோலை எடுத்தபோது சிரித்துக்கொண்டு நின்றார். அன்றிலிருந்து தனக்குத் தானே ‘நல்ல ஆள் நம்பர் ஒன்’ என்று பட்டம் சூட்டிக்கொண்டு, தான் குடியிருக்கும் ஜங்லிகாட் முழுக்கப் பீற்றிக்கொண்டிருந்தார்.

இத்தனை நாள் எடுத்து வைத்தபடியே கிடந்து, இப்போதுதான் முதல்முறையாகச் சாயமேறிய அந்த நல்ல தோல்தான் தகராறு செய்தது. திக்லிபூரிலிருந்து வந்த ஒரு நோயாளியின் ஸ்லைடில் பழுப்புக் கட்டிகள். யோகராஜின் ஸ்லைடிலும் அச்சு அசலாக அதே கட்டிகள். முதல் குப்பியைக் குப்பையில் போட்டாள். இரண்டாவதும் அதையே சொன்னது. மூன்றாவது வேறு கம்பெனிச் சரக்கு, ஐஸ் துளிகூட உருகாமல் வந்தது. அதுவும் அதையே சொன்னது.

வேறொரு நல்ல தோலையும் வைத்துப் பார்த்துவிடலாம் என்று மறுநாளே டாக்டரிடம் கையை நீட்டித் தன் தோலைக் கொடுத்தாள் சந்திரமதி. அது ஸ்லைடாகி வர ஒரு வாரம் ஆயிற்று. அதே மூன்றாவது குப்பி, ஒரே தட்டில் அவள் தோலும் யோகராஜின் தோலும். மைக்ராஸ்கோப்பில் குனிந்தாள். அவளுடைய செல்களில் பழுப்பு நிறம் உட்கருவைத் தாண்டவே இல்லை. முதலில் வந்தது சந்தோஷம். நமக்கு இல்லை என்று மனசு துள்ளியது. அடுத்த நிமிஷமே வெட்கத்தில் கூசிப்போனாள்.

ஆன்டிபாடி பொய் சொல்லவில்லை.

ஒரு ஸ்லைடை வைத்து நோய் என்று தீர்மானிக்க முடியாது, டாக்டர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். ஆனால் சில மாதமாக வண்டிச் சாவி யோகராஜின் கையிலிருந்து அடிக்கடி நழுவி விழுவதை அவள் பார்த்திருக்கிறாள். டீ கிளாஸை அவர் இரண்டு கையாலும் பிடிப்பதையும் பார்த்திருக்கிறாள். அவர் சிரித்துக்கொண்டு நின்ற அந்த நாளிலேயே இது தோலுக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறது. தன்னைப் பற்றிய சேதியை அவரே மூன்று முறை ஐஸ் உருகாமல் பத்திரமாகச் சுமந்து வந்திருக்கிறார்.

கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு யோகராஜ் உள்ளே வந்தார். கம்பெனிக்காரன் மாற்றாக அனுப்பிய நான்காவது பெட்டி, விரல் படாமல், அவருடைய முழங்கைகளின் மேல் இருந்தது.

“பரஃப் எல்லாம் உருகாம கல்லு மாதிரி இருக்கும்மா. ரெஜிஸ்டர்ல நீயே எழுதிக்க, பேனா கைல நிக்க மாட்டேங்குது.”

அவர் பெட்டியை மேஜையில் இறக்கியபோது அந்தக் கையைப் பார்த்தாள். கட்டைவிரலுக்குக் கீழே சதை வற்றிக் குழிந்திருந்தது. குழிக்குள் தோலுக்கடியில் ஏதோ புழு நெளிவதுபோல் துடித்துக்கொண்டிருந்தது. அவர் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை.

“ஏம்மா, இதுவும் கராப்தானா, கெட்டுத்தான் போயிருக்குமா?”

ஸ்டூலை அவர் பக்கம் நகர்த்திப் போட்டாள்.

“உக்காருங்கண்ணே. எதுவுமே கராப் இல்ல. மூணும் நல்லாத்தான் இருந்துச்சு.”

“அப்பச் சரி,” என்று யோகராஜ் நிம்மதியாகச் சிரித்தார். “நான்தான் ஐஸை உருக விட்டுட்டேனோன்னு பயந்துக்கிட்டே இருந்தேன்.”