மருந்துக்குத் தோஷமில்லை

"ஊசி போட்டுண்டுட்டியா?" என்று கல்யாணராமன் கேட்டது, "திருடிட்டியா?" என்று கேட்பதுபோல் இருந்தது.

"ஆச்சுப்பா," என்றாள் மருமகள் சாவித்ரி.

சர்க்கரை நோய்க்குத் தினமும் காலையில் போட்டுக்கொள்கிற ஊசிதான். ஆனால் இன்று மாமியாரின் சிராத்தம். பிராமணாள் இலையில் உட்கார்ந்து சாப்பிட்டு எழுந்து, பிறகு வீட்டு ஆண்கள் சாப்பிட்டு எழுந்து, அதற்கும் பிறகுதான் பெண்கள். சமைத்தவள் கடைசி.

"ரெண்டு பிடி அவல் போறும்ப்பா. ஊசி போட்டா அரை மணிக்குள்ள ஏதானும் சாப்பிடணும்."

"பித்ருக்களுக்குச் சமைச்சுண்டே நீ அவல் மெல்லுவியோ? போன வருஷம் பட்டினி இருந்தியே!"

இருந்தாள் என்பது பாதி உண்மை. மத்தியானம் வரை இருந்தாள். அப்புறம் அடுப்படியில் சுருண்டு விழுந்தாள். ஆட்டோவில் ஆசுபத்திரிக்குத் தூக்கிப் போய், குளுக்கோஸ் ஏற்றி, சாயங்காலம் வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். கிழக்கேகோட்டைத் தெரு முழுக்கக் கல்யாணராமனுக்கு அதே பேச்சு: "மயங்கி விழுந்தாளே தவிர, ஒரு பருக்கை வாயில போடலை!" ஆசாரத்தை வீடு காப்பாற்றியது, சாவித்ரியை ஆசுபத்திரி காப்பாற்றியது. நல்ல ஏற்பாடுதான்.

இந்த 2009-ஆம் வருஷம் அந்த ஏற்பாட்டில் மண் விழுந்தது. உலகமெங்கும் பன்றிக்காய்ச்சல். கல்யாணராமன் அந்த மிருகத்தின் பெயரை வீட்டுக்குள் சொல்ல மாட்டார். 'அந்த ஜுரம்' என்பார். ஊரே மூக்கைப் பொத்திக்கொண்டு ஆளுக்கு ஆள் எட்டி நிற்பதில் அவருக்கு உள்ளூரச் சந்தோஷம்கூட. "லோகமே இப்போ ஒருத்தரை ஒருத்தர் தொடாம மடி பாக்கறது," என்பார்.

போன வாரம் சாவித்ரியும் கணவன் வெங்கடகிருஷ்ணனும் ஆசுபத்திரிக்குப் போனபோது, சர்க்கரைக்காரர்களைப் பார்க்கும் அறையைக் காய்ச்சல்காரர்களுக்குக் கொடுத்திருந்தார்கள். நர்ஸ் சுசீலாபாய் பாறசாலைக்காரி, தமிழில் மலையாளம் கலந்துதான் வரும். வாசலிலேயே மறித்து மருந்தைக் கையில் கொடுத்தாள்.

"சேச்சி, ஊசிய போடாம முடக்கவும் கூடாது, போட்டுக்கிட்டுப் பட்டினி கெடக்கவும் கூடாது. போன வருசம் மாதிரி மயங்கி விழுந்தா இங்க கட்டிலு இல்ல, மனசிலாச்சா? சுத்தி முழுக்கக் காய்ச்சலாக்கும். சுகரு உள்ளவங்களுக்கு இது ஒட்டினா பின்ன பெரிய பாடு. சார், நீங்களும் கேட்டுக்கிடுங்க."

சார் கேட்டுக்கொண்டார். இப்போது கூடத்தில் தர்ப்பையை நீவிக்கொண்டிருந்தார்.

"ஏன்னா, நீங்களும்தானே கேட்டேள்? சொல்லுங்கோளேன்," என்றாள் சாவித்ரி.

வெங்கடகிருஷ்ணன் அப்பாவைப் பார்த்தான். பிறகு மறுபடி தர்ப்பையைப் பார்த்தான். அது இன்னும் நேராகவில்லை போலிருக்கிறது.

அதற்குள் போன் வந்தது. இலையில் உட்கார வேண்டிய பிராமணருக்கு அந்த ஜுரமாம். கரமனையிலிருந்து அப்பு சாஸ்திரிகளை அனுப்புகிறார்களாம். கொஞ்சம் நேரமாகுமாம்.

சாவித்ரிக்கு விரல் நடுங்கத் தொடங்கியது. கழுத்தில் வியர்த்தது. இது அடுப்பு வியர்வை இல்லை என்று அவளுக்குத் தெரியும். பயமாக இருந்தது. விழுந்தால் தூக்கிக்கொண்டு போக இந்த முறை இடமில்லை. எதிரே தட்டு நிறைய வடை.

வாசலில் ஆட்டோ நின்றது. அப்பு சாஸ்திரிகள் இறங்கிக் காலை அலம்பிக்கொண்டே குரலைத் தாழ்த்தினார். தாழ்த்தியும் அது சமையலறை வரை கேட்டது.

"ஓய், ஒரு சமாசாரம். திடீர்னு கூப்ட்டுட்டேள். நான் ஊசி போட்டுக்கறவன். காலம்பறயே நாலு இட்லி உள்ளே போயாச்சு. வெறும் வயத்தோட மயங்கினா ஆசுபத்திரியிலயும் இப்போ எடுக்க மாட்டேங்கறான். பரவாயில்லையா?"

இவரும் போய்விட்டால் வேறு ஆள் கிடைக்காது. கல்யாணராமன் ஒரு நொடியும் யோசிக்கவில்லை.

"அதனால என்ன ஓய்! மருந்துக்குத் தோஷமில்லை. சரீரம் இருந்தாத்தானே சாஸ்திரம்?"

சாவித்ரி கரண்டியைக் கீழே வைத்தாள். நுனியிலை ஒன்றைப் போட்டாள். வடை வைத்துக்கொண்டாள், பாயசம் ஊற்றிக்கொண்டாள், சம்மணமிட்டு உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தாள்.

உள்ளே வந்த கல்யாணராமனுக்கு மூச்சே நின்றுவிட்டது. "அடிப்பாவி! என்ன பண்றே?"

"மருந்து சாப்பிடறேன்ப்பா."

"பித்ருக்கள் பட்டினியா வாசல்ல நிக்கறாடி!"

சாவித்ரி வாயில் இருந்ததை விழுங்கினாள். "இன்னிக்கு யாருக்குத் தெவசமோ, அந்த அம்மாவும் இதே ஊசிதான் போட்டுண்டா. உங்கம்மா தெவசத்தன்னிக்கு, எல்லாரும் சாப்பிட்டு எழுந்திருக்கட்டும்னு காத்துண்டு, இதே எடத்துலதான் விழுந்தா. அப்புறம் எழுந்திருக்காமலே பத்து நாள்ல போயிட்டா. அம்மா பசியோட வந்தா வாசல்ல நிக்க மாட்டா. நேரா இங்கதான் வருவா."

அப்பாவின் பின்னால் வந்து நின்ற வெங்கடகிருஷ்ணன் தர்ப்பையை இடுப்பில் செருகிக்கொண்டு, மனைவியின் இலையில் இன்னொரு வடையை வைத்தான். கல்யாணம் ஆனதிலிருந்து அவன் அவளுக்குப் பரிமாறியது அதுதான் முதல் தடவை.

"ஓய்!" என்று கூடத்திலிருந்து சாஸ்திரிகள் குரல் கொடுத்தார். "சீக்கிரம் ஆரம்பிப்போம். நேரத்துக்குச் சாப்பிடாட்டா எனக்கு ஆகாது."

கல்யாணராமன் சமையலறைக் கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போனார்.

மறுநாள் காலை தெருவில் அவர் பேசிக்கொண்டிருந்தது ஜன்னல் வழியாகக் கேட்டது.

"இந்த வருஷமும் எங்காத்து மாட்டுப்பொண் பிராமணாளுக்கு முன்னாடி ஒரு பருக்கை தொடலை, கேட்டேளா? ஆசாரத்தோட மகிமை, மயக்கம்கூட வரலை!"

சாவித்ரி ஜன்னலை நன்றாகத் திறந்தாள்.

"பருக்கை தொடலைதான்ப்பா," என்றாள் தெருவுக்கே கேட்கும்படி. "நாலு வடைன்னா தின்னேன்!"