உள்பக்கப் பூட்டு

சாவி ஜன்னல் பூட்டுக்குள்ளேயே முறிந்துவிட்டது. கையில் மிஞ்சிய தலைப்பகுதியை அவள் ஒரு கணம் வெறித்துப் பார்த்தாள். ஜன்னலை ஒட்டிய கட்டிலில் அப்பாவின் மூச்சு, அறுந்து அறுந்து வந்துகொண்டிருந்தது. இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மருத்துவர் அனுப்பி மூன்று நாளாகிறது. காலையிலிருந்து அப்பா கேட்டது ஒன்றே ஒன்றுதான். காற்று.

கண்ணாடியை உடைத்துவிடலாம் என்றான் தம்பி. சில்லெல்லாம் அப்பா மேலேதான் விழும் என்றாள் அவள். கட்டிலை நகர்த்திப் பார்த்தார்கள். ஒரு சாண் நகர்வதற்குள் அவருக்கு உதடு நீலம் பாரித்தது. அப்படியே விட்டுவிட்டார்கள்.

இரண்டு வருடத்துக்கு முன் பட்டப்பகலில் குழாயைப் பிடித்து ஏறிய திருடன், இதே ஜன்னல் வழியாக உள்ளே வந்து, அப்பா தூங்கிக்கொண்டிருக்கும்போதே பீரோவைத் துடைத்துவிட்டுப் போனான். அதன்பின் அவளுக்குத் தூக்கமில்லை. கடை கடையாக ஏறி இறங்கினாள். உள்ளிருந்து பொத்தானை அழுத்தினால் திறக்கிற பூட்டை ஒரு கடைக்காரர் காட்டினார். அவள் வேண்டாமென்றாள். கண்ணாடியை உடைத்துக் கைவிட்டாலும் திறக்க முடியாதபடி, உள்ளேயும் சாவி கேட்கிற பூட்டையே வாங்கினாள். உள்ளே இருக்கிறவனுக்கு ஓர் அவசரம் என்றால் என்ன செய்வான் என்று அப்பா கேட்டார். முப்பது வருடம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர். உள்ளே மாட்டிக்கொண்டவர்களை வெளியே எடுத்தே பழகியவர். சாவி என்னிடம்தானே இருக்கப்போகிறது என்று அவள் அவர் வாயை அடைத்துவிட்டாள்.

இப்போது இடுக்கியால் முறிந்த துண்டைப் பிடிக்கப் பார்த்தாள். வியர்வையில் கை வழுக்கியது. அப்பாவின் விரல்கள் அவள் முழங்கையைத் தொட்டன.

“மூடி,” என்றார்.

அவள் குனிந்தாள்.

“பூட்டு மேல... பிளாஸ்டிக் மூடி. நெம்பு. கீழ ரெண்டு ஸ்க்ரூ.” மூச்சு வாங்கினார். “மாட்டின அன்னிக்கே பாத்து வெச்சுட்டேன்.”

“ஏம்ப்பா சொல்லல?”

“நீ நிம்மதியா தூங்கினியேம்மா.”

தம்பி திருப்புளியோடு ஓடிவந்தான். முதல் ஸ்க்ரூ சுலபமாகக் கழன்றது. இரண்டாவது துருவேறிப் பிடித்துக்கொண்டது. அவன் பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தினான். அவள் எண்ணிக்கொண்டிருந்தாள், ஸ்க்ரூவின் சுற்றுகளை அல்ல, மூச்சுகளை. பூட்டு கையோடு பெயர்ந்து வந்தபோது, கண்ணாடிக் கதவை இருவரும் சேர்ந்து தள்ளினார்கள்.

காற்று உள்ளே வந்தது. கூடவே தெருவின் இரைச்சலும் வந்தது. அப்பா நெஞ்சு நிறைய ஒரு தடவை இழுத்தார். இன்னொரு தடவை. மூன்றாவதற்காக இருவரும் காத்திருந்தார்கள்.

எதிர்வீட்டு மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த பெண், திறந்த ஜன்னலைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு அவர்கள் நின்ற நிலையைப் பார்த்தாள். உதறப்போன சட்டையை மெல்ல வாளிக்குள்ளேயே திரும்ப வைத்தாள்.