விளக்குப் பிடித்த குள்ளர்கள்

அவள் பால்கனியில் நின்று ஸ்ப்ரே டப்பாவைக் குலுக்கிக்கொண்டிருந்தாள். உள்ளே கிடந்த சின்னக் குண்டு தகரத்தில் மோதிக் கடகடவென்று சத்தம் போட்டது.

"நல்லா குலுக்கு. கை வலிக்குதுன்னு நிறுத்திடாத." படுக்கையறையிலிருந்து கணவரின் குரல் வந்தது. இரண்டு மூச்சுகளுக்கு நடுவே கிடைத்த இடத்தில் ஒவ்வொரு சொல்லாக இறக்கி வைத்தார்.

"முப்பது பிள்ளைங்கள ஒத்தக் கையில மேய்க்கிறவ நான். இந்த டப்பா எம்மாத்திரம்?"

"அடிக்கும்போது பேசாத. வாயில போயிடும்."

"போனா போகட்டும். நானும் பளபளன்னு ஆயிடுவேன்."

"அது பளபளப்பு இல்லடி. மங்கல் வார்னிஷ்."

"அப்ப எனக்குத் தேவையே இல்ல. ஏற்கெனவே அப்படித்தானே இருக்கேன்."

அவர் சிரிக்க முயன்றது இருமலில் முடிந்தது. அவள் டப்பாவை வைத்துவிட்டு ஓடினாள். முதுகைத் தடவி, மூக்கில் விலகியிருந்த குழாயைச் சரிசெய்தாள். கட்டிலோரம் ஆக்சிஜன் இயந்திரம் உறுமிக்கொண்டிருந்தது. வெளிச்சம் அவர் கண்ணைக் கூசவைத்ததால் கனமான திரைச்சீலை பகலெல்லாம் மூடியே கிடந்தது. உலகம் என்ன ஆனாலும் அந்த அறைக்குள் அந்த உறுமல்தான், அந்த இருட்டுதான்.

"வெளியில எப்படி இருக்கு? மழை கிழை இருக்கா?"

"மழையா? வெயில் சுள்ளுன்னு அடிக்குதுங்க."

காலையிலிருந்து அவள் இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். உண்மையில் விடியற்காலையில் பிடித்த மழை இன்னும் விடவில்லை. மகள் வெளியூரிலிருந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தாள். வழியில் ஆற்றுப் பாலத்துக்கு மேல் தண்ணீர் போகிறது, பஸ் நிற்கிறது என்று காலையில் போன் செய்தவள்தான், அப்புறம் லைன் கிடைக்கவில்லை. மழை என்றால் அவர் பாப்பாவை நினைத்துக் கவலைப்படுவார். கவலைப்பட்டால் மூச்சு வாங்கும். வெயில் என்று சொன்னால் யாருக்கு என்ன நஷ்டம்?

சின்னக் குழந்தைகள் பள்ளியில் டீச்சர் அவள். அழுகிற பிள்ளையிடம் "அம்மா வாசல்லதான் நிக்கிறாங்க, இதோ வந்துடுவாங்க" என்று கண்ணிமைக்காமல் சொல்லிச் சொல்லிப் பழகியவள். டாக்டர் அவளைத் தனியே கூப்பிட்டு, இனி மருத்துவமனையில் வைத்துப் பயனில்லை, வீட்டில் நிம்மதியாக இருக்கட்டும் என்றபோதும், வெளியே வந்து அவரிடம் அப்படித்தான் சொன்னாள். "நெஞ்சுல கொஞ்சம் சளித் தொற்றாம். மருந்து வேலை செய்யுதாம். ஒரு மாசத்துல எழுந்து நடப்பீங்களாம்." மகளிடம் போனில் உண்மையைச் சொன்னாள், அப்பாவுக்குத் தெரிய வேண்டாம் என்றும் சொல்லி வைத்தாள். பாப்பாவுக்கு லீவு கிடைத்திருக்கிறது, சும்மா பார்க்க வருகிறாள் என்று அவரிடம் சொல்லியாயிற்று.

அவர் நம்பினார். நம்பி, அந்த ஒரு மாதமும் தலையணையில் சாய்ந்தபடியே குள்ளர் பொம்மைகளுக்கு வர்ணம் தீட்டினார்.

பள்ளி ஆய்வுக்கூடத்தில் உதவியாளராக வேலை பார்த்த மனுஷர். மாலையில் வீட்டுக்கு வந்தால் சாப்பாட்டு மேஜையில் போர்க்களம்தான். விரல் கணு உயரப் பிளாஸ்டிக் வீரர்களைத் துண்டு துண்டாக வாங்கி, ஒட்டி, நாலு மயிர் வைத்த தூரிகையால் தாடியும் கவசமும் எழுதுவார். அவருடையது குள்ளர் படை. ஒரு தாடியைப்போல இன்னொரு தாடி இருக்காது. ஞாயிற்றுக்கிழமையானால் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் தன் எலும்புக்கூட்டுப் படையைப் பெட்டியில் தூக்கிக்கொண்டு வருவார். அளவு நாடாவும் தாயக்கட்டையும் வைத்து இரண்டு பேரும் மாலைவரை சண்டை போடுவார்கள். வீட்டில் அந்த ஆளுக்கு எதிரி என்றே பெயர். "எதிரிக்கு டீ போடு" என்றால் அவள் போட்டுக்கொடுப்பாள். அவர்களுக்குள் ஒரு சட்டம் இருந்தது. வார்னிஷ் பூசாத வீரன் களத்துக்கு வரக்கூடாது. விரல் பட்டால் வர்ணம் தேய்ந்துவிடும்.

இன்று எதிரி வருகிறார். அதனால்தான் இந்த அவசரம்.

இந்தக் கடைசிக் கூட்டம் சுரங்கத்து விளக்குக்காரர்கள். பத்துப் பன்னிரண்டு குள்ளர்கள், ஆளுக்கொரு லாந்தர் பிடித்திருந்தார்கள். அந்த வெளிச்சத்தைத்தான் அவர் மாதம் முழுக்க எழுதினார். தீ எங்கும் எரியவில்லை, வெறும் வர்ணம்தான். ஆனாலும் விளக்குப் பக்கத்துக் கன்னத்தில் மஞ்சள், தாடி ஓரத்தில் செம்மஞ்சள், மறுபக்கம் இருட்டு. அவளுக்கே ஒரு நாள் கையை நீட்டிச் சூடு இருக்கிறதா பார்க்கலாம்போல இருந்தது. கை நடுங்காத நேரம் காலையில் கொஞ்சம்தான் கிடைக்கும். ஒரு கண்ணை எழுதிவிட்டுக் களைத்துத் தூங்கிவிடுவார். அடுத்த மாதம் போட்டிக்கு இவர்களைக் கொண்டுபோக வேண்டும் என்பார்.

அவள் மறுபடி பால்கனிக்கு வந்தாள். அட்டைமேல் குள்ளர்கள் வரிசையாக நின்றார்கள். மேலே கூரை இருந்தது, ஒரு சொட்டும் அவர்கள்மேல் விழவில்லை. ஆனால் கொடிக் கயிறு, கைப்பிடிச்சுவர், காற்று எல்லாம் ஈரமாக இருந்தன. அவர் சொல்லிக்கொடுத்தபடி ஒரு சாண் தள்ளிப் பிடித்து, ஓரிடத்தில் நிற்காமல் இப்படியும் அப்படியும் வீசினாள். அட்டையைத் திருப்பிப் பின்பக்கமும் அடித்தாள். நன்றாகத்தான் செய்தோம் என்று நினைத்துக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

அழைப்பு மணி அடித்தது. கதவைத் திறந்தால் எதிரி, தொப்பலாக நனைந்து நின்றார்.

"குடை இருந்தும் இல்லாத மாதிரிதான் அண்ணி. அண்ணன் எப்படி இருக்காரு?"

"உஷ். மழைன்னு வாயத் தெறக்காதீங்க தம்பி. வெயில்னு சொல்லி வெச்சிருக்கேன்" என்றவள், "வார்னிஷ் நானேதான் அடிச்சேன், வந்து பாருங்க" என்று அழைத்துப்போனாள்.

எதிரி குனிந்து பார்த்தார். பார்த்தவர் நிமிரவே இல்லை.

"இந்த ஈரத்துலயா அடிச்சீங்க?"

அப்போதுதான் அவளும் சரியாகப் பார்த்தாள். குள்ளர்கள்மேல் பால் ஆடைபோல ஒரு வெள்ளை படிந்திருந்தது. அவள் கண்ணெதிரிலேயே அது கெட்டியாகிக்கொண்டிருந்தது. மஞ்சள் இல்லை, செம்மஞ்சள் இல்லை. கண்கள் புரை விழுந்ததுபோல மூடிக்கிடந்தன. லாந்தர்கள் எல்லாம் சாம்பல்.

"ஈரக்காத்துல அடிச்சா வார்னிஷ் வெளுத்துப் பூத்துடும் அண்ணி. அண்ணன் சொல்லலையா?"

"கேட்டாரு" என்றாள். "மழையான்னு கேட்டாரு."

அவள் தலை உலர்த்தும் கருவியைக் கொண்டுவந்து சூடான காற்றை வீசிப் பார்த்தாள். வெள்ளை அசையவில்லை. சேலை நுனியால் ஒருவனை மெதுவாகத் துடைத்தாள். போகவில்லை. "விடுங்க அண்ணி. நான் எடுத்துட்டுப் போய் ஏதாவது பண்ணிப் பாக்குறேன். ஒண்ணு ரெண்டு நாளாகும்."

"ஒண்ணு ரெண்டு நாளா?" என்றாள் அவள். எதிரி தலையைக் குனிந்துகொண்டார்.

"என்னடி, காஞ்சுதா?" உள்ளேயிருந்து குரல்.

"இன்னும் இல்லீங்க."

"சுள்ளுன்னு வெயில் அடிக்குதுன்ன? இந்நேரம் காஞ்சிருக்கணுமே. எதிரி வந்தாச்சா? ஒருத்தன மட்டும் எடுத்துட்டு வரச் சொல்லு."

எதிரி அவள் முகத்தைப் பார்த்தார். "பழசுல ஒண்ண எடுத்துட்டுப் போவோமா?" என்று கிசுகிசுத்தார். அவள் தலையாட்டினாள். அலமாரியிலிருந்து பழைய குள்ளன் ஒருவனை எடுத்துப்போய் அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

அவர் கண்ணருகே கொண்டுபோனார். "இவன் கோடாலிக்காரன். மூணாம் தட்டு. என்ன வெளையாடுறியா? பெத்தவனுக்குப் பிள்ளையத் தெரியாதா?" என்றார். "விளக்குக்காரன எடுத்துட்டு வா."

அப்புறம் அவளால் எதுவும் செய்ய முடியவில்லை. கொண்டுவந்து கொடுத்தாள். எதிரியும் கூடவே வந்து நின்றார்.

அவர் வெகுநேரம் பார்த்தார். கட்டைவிரலால் கன்னத்தைத் தடவினார், லாந்தரைத் தடவினார். திட்டுவார் என்று காத்திருந்தாள். திட்டியிருந்தால் தேவலை. அவர் கையை நீட்டி, பக்கத்தில் நின்ற எதிரியின் சட்டைக் கையைத் தொட்டார். விரலில் பட்ட ஈரத்தைப் பார்த்தார்.

"காலையில இருந்தே பெய்யுதா?"

"ம்."

இயந்திரம் உறுமியது. அவர் குள்ளனின் வெளுத்த முகத்தையே பார்த்துக்கொண்டு கேட்டார். "பாப்பா எதுக்கு வர்றா?"

லீவு என்று சொல்லியிருக்கலாம். இன்னொரு முறை சொல்வதில் என்ன சிரமம்? அவர் கண்ணைப் பார்த்தபின் சொல்ல முடியவில்லை. எதிரி சத்தமில்லாமல் வெளியே போனார்.

"சரி" என்றார் அவர்.

கொஞ்சம் கழித்து, "ஒரு மாசம்டி" என்றார். "ஒரு மாசமா பொம்மை மூஞ்சிக்கு வெளிச்சம் போட்டுட்டு இருந்தேன். அவகிட்ட பேசியிருப்பேன்ல. போன்ல கூப்பிட்டப்பல்லாம் அப்புறம் பேசுறேன், கையில பிரஷ் இருக்குன்னு வெச்சுட்டேன்."

"இப்ப பேசலாங்க. இப்பவே போட்டுத் தர்றேன்."

போட்டாள். லைன் கிடைக்கவில்லை. திரும்பப் போட்டாள். எதிரியும் கூடத்திலிருந்து தன் போனில் போட்டார். அழைத்த எண் தொடர்பு எல்லைக்கு வெளியே இருப்பதாக ஒரு பெண் குரல் மாறாத இனிமையோடு சொல்லிக்கொண்டே இருந்தது. அவர் ஒவ்வொரு முறையும் தலையணையிலிருந்து தலையைக் கொஞ்சம் தூக்கினார். ஒவ்வொரு முறையும் கீழே வைத்தார். பிறகு தூக்கவில்லை.

"அவகிட்ட என்ன சொல்லணும், எங்கிட்ட சொல்லுங்க. நான் சொல்லிடுறேன்."

அவர் அவளைப் பார்த்தார். கோபம் இருந்திருந்தால் அவளால் தாங்கியிருக்க முடியும். "நீ சொல்லுவ" என்றார். "நீ நல்லாதான் சொல்லுவ." முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். அவள் கையைப் பிடித்தாள். அவர் அதை இழுத்துக்கொள்ளவில்லை. இறுக்கிப் பிடிக்கவும் இல்லை.

விளக்கு வைக்கும் நேரத்துக்கு முன்பே மூச்சு நின்றது. இயந்திரத்தை நிறுத்த யாருக்கும் தோன்றவில்லை. அது தன்பாட்டுக்குக் காற்றை ஊதிக்கொண்டிருந்தது. கடைசியில் எதிரிதான் வந்து அணைத்தார். அறை திடீரென்று அமைதியானபோது வெளியே மழைச் சத்தம் தெளிவாகக் கேட்டது.

மறுநாள் காலை மகள் வந்து சேர்ந்தாள். கூடத்தில் அக்கம்பக்கத்தவர் ஒதுங்கி வழிவிட்டார்கள். அப்பாவின் காலைப் பிடித்துக்கொண்டு, குரல் போகும்வரை அழுதாள். பிறகு அம்மாவின் பக்கத்தில் தரையில் வந்து விழுந்தாள். பெண்கள் ஒவ்வொருவராக எழுந்து சமையலறைப் பக்கம் போனார்கள். எதிரி மட்டும் வாசல் ஓரத்து நாற்காலியில் இருந்தார்.

"அப்பாவுக்குத் தெரியுமாம்மா? போகப்போறோம்னு?"

அவள் மகளின் முகத்தைத் துடைத்துவிட்டாள்.

"தெரியாதும்மா. தூக்கத்துலயே போயிட்டாரு."

"என்னைக் கேட்டாரா?"

"நல்லா தூங்கிட்டாரும்மா."

"நல்லவேளை" என்றாள் மகள். "நல்லவேளைம்மா. தெரிஞ்சிருந்தா தவிச்சிருப்பாரு." அம்மாவின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். உடம்பு குலுங்குவது கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது.

எதிரி எழுந்து, யாரிடமும் சொல்லாமல், செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கிப் போனார்.

மகளின் தலைமுடி ராத்திரி முழுக்கப் பஸ் காற்றில் பறந்து சிக்காகிக் கிடந்தது. அவள் அதை விரலால் பிரிக்க ஆரம்பித்தாள். வேர்ப்பக்கம் ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, நுனியிலிருந்து ஒவ்வொரு சிக்காக எடுத்தாள், பிள்ளைக்கு வலிக்காமல்.