மெஷின் சத்தத்துக்கு மேலே

சபையார் அனைவரும் செவிகொடுத்துக் கேட்க வேண்டிய மகா முக்கியமான அறிவிப்பு: இன்றைய அடக்க ஆராதனையில் பாடகர் குழு மட்டுமே, நான்கு குரல்களில், சுருதி பிசகாமல் பாடும். மற்றவர்கள் வாயை மூடிக்கொண்டு துக்கப்படலாம்.

கடைசி வாக்கியத்தைப் பாடகர் குழுத் தலைவர் வாயால் சொல்லவில்லை. முகத்தால் சொன்னார்.

சவப்பெட்டிக்குப் பக்கத்து பெஞ்சிலிருந்து இறந்தவளின் கணவர் எழுந்தார். ஆயுளில் ஒரு பாட்டும் பாடாதவர். மனைவியை ஆலயத்துக்கு ஸ்கூட்டரில் கொண்டுவந்து விட்டதையே தம் ஊழியமாக நினைத்தவர்.

"அவ பாட்டைப் பாடணும்."

"எந்தப் பாட்டுண்ணே? நம்பர் சொல்லுங்க."

"நம்பர் கிடையாது. அவளே கட்டுனது."

தலைவருக்குப் பல்வலி வந்ததுபோல் ஆனது. அந்தப் பாட்டு அவருக்குத் தெரியும். தையல் கம்பெனியில் மெஷின்களின் இரைச்சலுக்கு மேலே பாடிப் பழகிய தொண்டை அது. ஆலயத்தில் மெஷின் இல்லை என்பதை அது கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை. ராகம் என்று எதுவும் கிடையாது. அன்றன்றைக்கு நடந்ததுதான் வரிகள். ஊசி உடையாததற்கு ஸ்தோத்திரம். மழைக்கு முன்னால் துணி காய்ந்ததற்கு ஸ்தோத்திரம். சூப்பர்வைசர் லீவு போட்டதற்கு விசேஷ ஸ்தோத்திரம். "கொஞ்சம் மெதுவா பாடக் கூடாதாக்கா?" என்று தலைவர் ஒருநாள் கெஞ்சியதற்கு, "உங்க காதுக்கா பாடுறேன் தம்பி? அவருக்குக் கேக்கணும்ல" என்று சொல்லிவிட்டு, சுருதியை இன்னும் அரைக்கட்டை ஏற்றினாள். முந்தாநாள் வேலைக்குக் கிளம்பியவள், செருப்பை மாட்டும்போதே சரிந்துவிட்டாள்.

தலைவர் குரலைத் தாழ்த்தினார். "வெளியிலேர்ந்து போதகர்கள்லாம் வந்திருக்காங்கண்ணே. அக்காவுக்கு ஒரு மரியாதை வேண்டாமா?"

"மரியாதையெல்லாம் உங்க குழுவுக்கு வச்சுக்குங்க. பெட்டிக்குள்ள இருக்கறது என் பொண்டாட்டி."

மகள் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "உக்காருங்கப்பா. எல்லாரும் பாக்குறாங்க."

"பாக்கட்டுமே. உங்கம்மாவைப் பாக்காத பார்வையா?"

போதகர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அது சுத்தமாகத்தான் இருந்தது. ஆர்கன் வாசிப்பவர் கையை மடியில் வைத்துக்கொண்டார்.

கணவர் செருமினார். வந்தது குரலா, குளிரில் கிளம்ப மறுக்கும் ஸ்கூட்டரா என்று சொல்வது கஷ்டம். ஆனால் சத்தத்துக்குக் குறைச்சல் இல்லை.

"இன்னிக்கு மழை வராததுக்கு ஸ்தோத்திரம்."

பாடகர் குழு தரையைப் பார்த்தது.

"பெட்டி வண்டி சொன்ன நேரத்துக்கு வந்ததுக்கு ஸ்தோத்திரம்."

கடைசி பெஞ்சுகளிலிருந்து, அரைநாள் லீவில் வந்திருந்த தையல்காரப் பெண்கள் "ஸ்தோத்திரம்" என்று வாங்கிப் பாடினார்கள். அவர்களும் மெஷின்களுக்கு மேலே பேசிப் பழகியவர்கள். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

"இவளுகளுக்கு லீவு கிடைச்சதுக்கு ஸ்தோத்திரம்."

மறுபடியும் அதிர்ந்தது. மகள் சட்டையை விட்டாள்.

அடுத்த வரிக்கு வாயைத் திறந்தார். சபை காத்திருந்தது, தலைவர் உட்பட.

இன்றைக்கு வேறு எதற்கு ஸ்தோத்திரம் சொல்வதென்று அவருக்குத் தெரியவில்லை.