பிடிக்காத ஹேண்ட்பிரேக்

மூன்றாவது முறையும் ஜீப் எஃப்.சி. என்னும் தகுதிச் சான்று ஆய்வில் தேறவில்லை என்றதும் ஷ்யாம்சுந்தருக்கு எரிச்சல் தலைக்கேறியது. வங்கியில் லீவு சொல்லிவிட்டு, செம்பாக்கத்திலிருந்து வேளச்சேரி மெயின் ரோட்டு நெரிசலில் ஊர்ந்து வந்து, இந்த ஆய்வு மைதானத்தில் லாரிகளுக்கு நடுவே வெயிலில் காய்ந்தது இதற்குத்தானா?

நான்கு சக்கரமும் இழுக்கும் பழைய ஜீப் அது. பதினைந்து வருடம் தாண்டிவிட்டதால் தகுதிச் சான்று இல்லாமல் ரோட்டில் ஓட்ட முடியாது. முதல் முறை ஸ்டியரிங்கில் ஆட்டம், ஹெட்லைட் எதிரே வருபவர் கண்ணில் அடிக்கிறது என்றார்கள். அடுத்த முறை பின் டயர்கள் வழவழவென்று தேய்ந்திருந்தன, புகையும் கறுப்பு. முணுமுணுத்துக்கொண்டே அவற்றை மட்டும் சரிசெய்து கொண்டுவந்தார். இன்று ஹேண்ட்பிரேக்.

"சரிவுல வண்டி நிக்கல சார். இதையும் முதல் தடவையே சொன்னேனே, நீங்கதான் கண்டுக்கல" என்றார் ஆய்வாளர் விஷ்ணுப்ரியா.

"ஹேண்ட்பிரேக்க யார் மேடம் யூஸ் பண்றா? கியர்ல போட்டா நிக்கப்போகுது!"

"கியர் நழுவினா? சரி பண்ணி எடுத்துட்டு வாங்க" என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த லாரிக்குப் போய்விட்டார்.

ஷ்யாம்சுந்தர் ஜீப்பை வெளியே கொண்டுவந்து, ரோட்டோரச் சரிவில் நிறுத்தினார். இறங்கியதும், வழக்கம்போல ஒரு கருங்கல்லைத் தேடி எடுத்துப் பின் சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்தார். முன் சீட்டிலிருந்து அவர் மனைவி சுஜியும் இறங்கினாள். அதற்குள் புரோக்கர் ராஜாராமன் வந்து ஒட்டிக்கொண்டான்.

"இதுக்குப் போயி இன்னாத்துக்கு சார் பேஜாராவுற? வேற ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல நம்ம ஆள் கீறாரு. அவுருக்குக் குடுக்க வேண்டியத குடுத்துட்டா முடிஞ்சிது. வண்டிய எடுத்தாந்து காட்டவே வேணாம்."

ஷ்யாம்சுந்தரின் முகம் மலர்ந்தது. "அப்பாடா, இத மொதல்லயே செஞ்சிருக்கணும்!"

"ஏங்க, வண்டி நல்லாத்தானே இருக்கு?" என்று கேட்டாள் சுஜி.

"அதிலென்ன சந்தேகம்? இவங்களுக்கு எதையாவது நொட்டை சொல்லணும்."

"அப்ப இந்தக் கல் எதுக்கு?" சுஜி ஜீப்பின் பின்னால் போய்க் குனிந்து கல்லில் கை வைத்தாள்.

"சுஜி! தொடாத! தள்ளி வா!"

அவர் போட்ட கூச்சலில் டீக்கடையில் நின்றவர்கள் எல்லாரும் திரும்பினார்கள். ஓடிப்போய் அவள் கையைப் பிடித்து இழுத்தார்.

சுஜி கையை உதறினாள். "நான் நின்னா மட்டும் பதறுதா? தினமும் காலையில நம்ம ஹர்ஷாவ விட ஸ்கூல் வாசல்ல இந்த வண்டியத்தானே நிறுத்தறீங்க? அத்தனை பசங்க பின்னாடி ஓடுதுங்களே, அதுங்க யார் வீட்டுப் பிள்ளைங்க?"

ஒருநாள் அந்த வாசலில் ஜீப் இரண்டடி உருண்டதும், ஒரு சின்னப் பெண் துள்ளி விலகியதும், தான் ஜன்னல் வழியே "பார்த்துப் போம்மா" என்று அவளையே அதட்டியதும் ஷ்யாம்சுந்தரின் நினைவுக்கு வந்தன.

"இன்னா சார், பேசிடவா?" என்றான் ராஜாராமன்.

"வேணாம்ப்பா. நீ கிளம்பு."

ஜீப் குரோம்பேட்டை ஒர்க்‌ஷாப்பில் கிடந்த நாட்களில் மின்சார ரயிலில் நசுங்கி ஆபீஸ் போனார். அலுத்துக்கொண்டாரே தவிர, மெக்கானிக்கை அவசரப்படுத்தவில்லை. இந்த முறை பிரேக்கிலிருந்து வைப்பர் வரை எல்லாவற்றையும் பார்க்கச் சொன்னார். அதன்பின் ஆய்வில், ஜீப் சரிவில் அசையாமல் நின்றது.

சான்றிதழோடு வெளியே வந்தவரை, வேன் தேறாத கடுப்பில் இருந்த ஒருவர் மடக்கினார். "சார், யாராவது புரோக்கர் நம்பர் இருக்கா? இவங்களோட மல்லுக்கட்ட முடியல."

"நானும் அப்படித்தான் புலம்பினேன் சார்" என்றார் ஷ்யாம்சுந்தர். "காசு குடுத்து வாங்கற எஃப்.சி.யக் காட்டினா மறிக்கற போலீஸ்காரர் கை வேணா இறங்கும், வண்டி நிக்காது. வண்டிய நிறுத்தறதுக்கு பிரேக்தான் வேணும்."