கார்டு வந்தாத்தான் பாலு

பீலித் தண்ணீரில் குளித்துவிட்டு ஈரத் தலையோடு வந்த செல்லாயி, மாற்றுச் சேலை எடுக்கத் தகரப் பெட்டியைத் திறந்தாள். சேலைக்கு மேல் வைத்திருந்த அடையாள அட்டையைக் காணவில்லை. ஒவ்வொரு துணியாக எடுத்து உதறினாள்.

“தேடாத. கணக்கப்பிள்ளை வந்தாரு. ரெண்டு பேரு கார்டையும் குடுத்துட்டேன்” என்றான் அவள் புருஷன் அழகமுத்து, அடுப்படியில் குந்தியபடி.

“என் கார்டையா?”

“லயத்துல எல்லாருந்தான் குடுத்தாங்க. நாளைக்கி ஓட்டுல்ல? ரோட்டுல சண்டியனுங்க புடுங்கிக் கிழிக்கிறாங்களாம். ஆபீஸ்ல பத்திரமா இருக்கட்டும், மத்தியானம் ரப்பர் பாலை நிறுத்துப் போட்ட கையோட குடுத்துருவோம்னு தொரை சொன்னாராம்.”

“எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டீங்களா?”

அழகமுத்து அடுப்பை ஊதத் தொடங்கினான். அன்று இரவு வரிசை வீடுகள் கொண்ட அந்த லயத்துக்கே கேட்கும்படி ஏசினாள் செல்லாயி. சோற்றையும் தொடவில்லை.

ருவான்வெல்லைக்குப் பக்கத்திலிருந்த இதே ரப்பர் தோட்டத்தின் லயத்தில் பிறந்தவள் அவள். அவள் அப்பனும் அங்கேதான் பிறந்தான். ஆனாலும் எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாதவர்களாகவே அந்தக் குடும்பத்தை வைத்திருந்தார்கள். பிறகு சட்டம் வந்து குடியுரிமை கிடைத்தது. அடையாள அட்டை கிடைக்கவில்லை. பிறந்ததை யாரும் பதியவில்லை. கிராம சேவகர், “தோட்டத்து ஆளுங்க என் பொறுப்பில்ல, தொரைகிட்டப் போ” என்றார். தோட்டத்தை நடத்தும் தொரை, “அது அரசாங்க வேலை, கிராம சேவகர்கிட்டப் போ” என்றார்.

அந்த அலைச்சலுக்கு நடுவில்தான் கொழும்பில் வீட்டு வேலைக்கு நின்ற மகள் கோகிலாவைப் பார்க்கப் போனாள். அவிசாவளையில் பொலிஸ் சோதனையில், அட்டையில்லாத அவளை மட்டும் பஸ்ஸிலிருந்து இறக்கினார்கள். ஊரைக் கேட்டபோது ருவான்வெல்லை என்று நல்ல சிங்களத்தில் சொன்னாள். “அது சரி, உன் சொந்த ஊர் எது?” என்று கேட்டுச் சிரித்தான் மகன் வயதிலிருந்த பொலிஸ்காரன். இரவெல்லாம் ஸ்டேசன் மரவாங்கில் உட்கார்ந்திருந்தாள். விடிந்ததும் கோகிலா தகவல் கேட்டு ஓடிவந்து, “இது எங்கம்மா” என்று அழுதாள். அது எடுபடவில்லை. கூட வந்த வீட்டுக்கார நோனா தன் அடையாள அட்டையைக் காட்டிக் கையெழுத்துப் போட்டாள். அதுதான் எடுபட்டது. பெற்ற மகளின் வாய்க்கு இல்லாத மதிப்பு ஊரார் அட்டைக்கு இருந்தது.

அதன் பிறகு கேகாலைக்கும் ருவான்வெல்லைக்கும் நடையாய் நடந்து, போன வருஷம்தான் செல்லாயி தன் கார்டை வாங்கினாள். நாற்பத்தாறு வயதில் போடப்போகும் முதல் ஓட்டு, 2008ஆம் ஆண்டின் இந்த மாகாண சபை ஓட்டு.

மறுநாள் காலை வேலை பிரிக்கும் பெரட்டில், மத்தியானம் வரை எல்லோருக்கும் வேலை என்று கட்டளை. மரங்களின் பட்டையை வெட்டி, கோப்பைகளில் வடிந்த பாலை வாளியில் சேர்த்துக்கொண்டு வெயில் ஏறும் நேரத்தில் பால் நிறுக்கும் ஸ்டோருக்கு இறங்கினார்கள். தராசடியில் கணக்கப்பிள்ளை ஸ்ரீதரன் நின்றார்.

“கார்டு எங்கங்க ஐயா?” என்றாள் செல்லாயி.

“தொரை கேகாலைக்குப் போயிருக்காரு. அலுமாரிச் சாவி அவருகிட்ட. சாயங்காலம் வந்ததும் தாறேன்.”

கார்டு இல்லாமல் ஓட்டுப் போட விடமாட்டார்கள்; நான்கு மணிக்கு ஓட்டுப்பெட்டியை மூடிவிடுவார்கள். அது அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும். ஸ்ரீதரனுக்கும் தெரியும்.

செல்லாயி தராசிலிருந்த தன் வாளியைத் தூக்கித் தரையில் வைத்தாள்.

“அப்ப பாலும் சாயங்காலந்தான்.”

“என்னா வெளையாடுறியா? திரைஞ்சி போகும்!”

“போகட்டும். கார்டு வந்தாத்தான் பாலு.”

ரப்பர் பால் காத்திருக்காது. நேரத்தோடு ஸ்டோர் தொட்டியில் ஊற்றாவிட்டால் வாளியிலேயே கட்டிப்பட்டு, கழிவோடுதான் சேரும். செல்லாயியின் வாளிக்குப் பக்கத்தில், கூட வேலை செய்யும் விஜயகலா தன் வாளியை வைத்தாள். அவளைப் பார்த்து இன்னும் சிலர் வைத்தார்கள். அழகமுத்து தயங்கினான்.

“வேணாம் புள்ள, வம்பாப் போகும்.”

“கொண்டுபோய்க் குடுத்தது நீங்க. வாங்கிக் குடுக்கவும் வேணாமா?”

அவன் தலையைச் சொறிந்தான். பிறகு தன் வாளியையும் கொண்டுவந்து வரிசையில் வைத்தான்.

ஸ்ரீதரன் குரலைத் தாழ்த்தினார். “நானும் தமிழன்தானே செல்லாயி? என்னைய எதுக்கு மாட்டிவிடுற?”

“தமிழன்னுதானே தொரை ஒங்கள அனுப்புனாரு? அவரு வந்து கேட்டிருந்தா ஒருத்தரும் குடுத்திருக்க மாட்டோம்.”

ஸ்ரீதரன் உள்ளே போய்த் தொலைபேசியில் பேசினார். கொஞ்ச நேரத்தில் ஜீப் வந்தது. கேகாலை ரோட்டிலிருந்து வரவில்லை. மேலே தொரையின் பங்களாவிலிருந்து இறங்கி வந்தது. கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு ஓடியது.

தொரை இறங்கும்போதே சிங்களத்தில் கத்தினார். “நேத்துத்தான் குடியுரிமை கிடைச்சது, அதுக்குள்ள உரிமையா? நீங்க படுக்கிற காம்பரா யாருடையது? குடிக்கிற தண்ணி யாருடையது? பொலிஸைக் கூப்பிடவா?”

செல்லாயியும் சிங்களத்திலேயே கேட்டாள். “பால் தராசுல ஏறினா உங்களுடையது மஹத்தயா. கார்டு எப்போ உங்களுடையதாச்சு?”

“வாயை மூடு. பாலை ஊத்து.”

ஊற்றினாள். யோசித்துச் செய்யவில்லை, கைதான் முந்தியது. வாளியோடு தூக்கி, தொரையின் காலடியில் கவிழ்த்தாள். வெள்ளை வெளேரென்று பரவி அவர் சப்பாத்தை நனைத்தது. அடுத்து விஜயகலா குனிந்து தன் வாளியின் பிடியைப் பற்றினாள்.

தொரை வாளி வரிசையைப் பார்த்தார். சிலவற்றில் பால் ஏற்கெனவே ஆடை கட்டத் தொடங்கியிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு ஸ்ரீதரனிடம் தலையை அசைத்தார். ஸ்ரீதரன் தன் காற்சட்டைப் பைக்குள் கைவிட்டுச் சாவியை எடுத்தார். அவர் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

கார்டுகளை மேசையில் கொட்டினார்கள். ஆளாளுக்கு முண்டியடித்துத் தேடினார்கள். தன்னுடையதைக் கண்டதும் செல்லாயி அதை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, மற்றவர்களோடு குறுக்குப் பாதையில் ஓட்டுப் போடும் பள்ளிக்கூடத்துக்கு ஓடினாள்.

ஓட்டுப் போட்டாள். சுண்டுவிரலில் மை பட்டது. வாசலுக்கு வந்து அந்த மையைப் பார்த்தாள். சந்தோஷம் வரும் என்று எத்தனையோ நாள் நினைத்திருந்தாள். வரவில்லை. நெஞ்சு இன்னும் கொதித்துக்கொண்டேயிருந்தது. கால் நோக நடந்து வாங்கிய கார்டை, வாங்கிய பிறகும் இப்படிப் பிடுங்கித்தானா எடுக்க வேண்டும்?

அன்று இரவு அழகமுத்து தன் கார்டை அவளிடம் நீட்டினான். “இதையும் நீயே வச்சிக்க.”

“ஒங்களோடத நீங்களே வச்சிக்கங்க. எவன் கேட்டாலும் குடுக்காதீங்க. அது போதும்.”

திங்கட்கிழமை பெரட்டில் ஸ்ரீதரன் செல்லாயிக்கு மேல்மலை மரங்களை ஒதுக்கினார். பட்டை முழுக்கத் தழும்பேறி, வாளியின் அடி நனையக்கூடப் பால் தராத கிழட்டு மரங்கள். அது யார் சொல்லி நடந்தது என்று கேட்க வேண்டியிருக்கவில்லை.

செல்லாயி கத்தியையும் வாளியையும் எடுத்துக்கொண்டாள்.

“போறேன் ஐயா” என்றாள், அங்கே நின்ற அத்தனை பேருக்கும் கேட்கும்படி. “ஆனா அடுத்த ஓட்டுக்குக் கார்டு கேட்டு எங்க லயத்துப் பக்கம் கால் வைக்காதீங்க.”